மரக்காணத்தில் ஒரு நாள்: உப்பளத்தாரே வழி காட்டட்டும்!

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரி போகிறவர்கள் எல்லோரும் மரக்காணத்தைப் பார்த்திருக்கிறார்கள். மரக்காணத்துக்குப் போனவர்களோ வெகு சிலர். சாலை ஓரத்தில் கண்ணாடி பதித்தது போலப் பாத்திகள். நடு நடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். கார் நிற்கிறது. கதவுகள் திறக்கின்றன. வரப்பில் நின்று நாலு படம். உப்புக் கூடை சுமந்து வரும் அம்மாளையும் சேர்த்து இன்னும் இரண்டு படம். ஐந்து நிமிஷம் ஆனதும் கார் புறப்பட்டு விடுகிறது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் புதுச்சேரி போய்ச் சேர வேண்டுமே!

வழியில் அழகான இடம் தென்பட்டால் இறங்கிப் பார்ப்பது மனித சுபாவம். அதைக் குற்றம் சொல்வதற்கில்லை. ஆனால் அந்த ஐந்து நிமிஷத்தில், பார்க்க வந்தவருக்கு எதுவும் விளங்குவதில்லை. பார்க்கப்பட்ட ஊருக்குக் காலணா வரும்படியும் இல்லை. படத்தில் அகப்பட்டுக் கொண்ட அந்த அம்மாளின் பெயரைக் கூட யாரும் கேட்பதில்லை.

பத்துப் பேர் சேர்ந்து, விஷயம் தெரிந்த வழிகாட்டி ஒருவருடன் ஒரு நாள் பிரயாணம் போய் வருகிற வழக்கம் நம் நகரங்களில் இப்போது பரவி வருகிறது. பழைய தெருக்களைச் சுற்றிப் பார்க்கிறார்கள். கோயில் சிற்பங்களைப் பார்க்கிறார்கள். ஏரிக் கரையில் பறவைகளைப் பார்க்கிறார்கள். மரக்காணக் கரைக்கும் இந்த முறைதான் ஏற்றது என்பது நம் அபிப்பிராயம். ஒரே ஒரு நிபந்தனை: வழிகாட்டி அந்த ஊர் உப்பளத்தில் வேலை செய்தவராக இருக்க வேண்டும். ஏன் என்பதைச் சொல்லுகிறோம்.

ஒரு நாளில் என்ன பார்க்கலாம்?

மரக்காணம் சென்னைக்குத் தெற்கே சுமார் 120 கிலோ மீட்டர்; புதுச்சேரிக்கு வடக்கே சுமார் 35 கிலோ மீட்டர். விழுப்புரம் ஜில்லாவைச் சேர்ந்தது. விடியற்காலையில் அங்கே இருக்க வேண்டும். ஏனென்றால் உப்பளத்தில் வேலை இருட்டிலேயே ஆரம்பித்து விடுகிறது. வெயில் ஏறிய பிறகு போகிறவர்கள் பாதி நாடகம் முடிந்த பின் கொட்டகைக்குள் நுழைகிறவர்களைப் போன்றவர்கள்.

உப்பளம் பார்த்த பிறகு ஊருக்குள் பூமீஸ்வரர் கோயில். சோழர் காலத்துக் கோயில் இது. சுவர்களில் கல்வெட்டுகள் இருக்கின்றன. சோழ மன்னர்கள் ஆண்ட போதே மரக்காணம் பெரிய உப்பு விளையும் ஊர்களில் ஒன்று. இன்று நாம் சாலையிலிருந்து பார்த்து வியக்கும் இந்தத் தொழில் அங்கே ஆயிரம் வருஷத்துக்கு மேலாக நடந்து வருகிறது!

அடுத்தது பக்கிங்ஹாம் கால்வாய். ஆந்திரத்துக் காக்கிநாடாப் பக்கத்திலிருந்து கடலோரமாகவே வரும் இந்த நீண்ட நீர்வழி மரக்காணத்தில்தான் முடிகிறது. 1806-ல் சென்னைக்கு வடக்கே துண்டு துண்டாக வெட்ட ஆரம்பித்தது. 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய தாது வருஷப் பஞ்சத்தின் போது, பசித்தவர்களுக்கு வேலை கொடுப்பதற்காகச் சென்னை நகருக்குள் இணைப்பு வெட்டினார்கள். அப்போது கவர்னராக இருந்த பக்கிங்ஹாம் பிரபுவின் பெயர் அதற்கு நிலைத்தது. மரக்காணத்து உப்பு ஒரு காலத்தில் படகு ஏறி இந்தக் கால்வாய் வழியாகத்தான் பட்டணம் போயிற்று. பிறகு ரயிலும் லாரியும் வந்தன. புயல்களும் தூர்ந்த கரைகளும் சேர்ந்து படகுப் போக்குவரத்தை முடித்து விட்டன.

மத்தியானச் சாப்பாடு ஊரிலேயே ஆகட்டும். அதற்குப் பின் வடக்கே சென்றால் கடப்பாக்கத்தை அடுத்து ஆலம்பரைக் கோட்டை. கடலும் உப்பங்கழியும் சூழ்ந்த செங்கல் கோட்டை. ஆற்காட்டு நவாபுகள் காலத்தில் இது ஒரு துறைமுகம். 1750-ல் பிரெஞ்சுக்காரர் கைக்கு, டூப்ளேயின் வசத்துக்கு, இது வந்தது. பத்தே வருஷத்தில், 1760-ல், ஆங்கிலேயர் பிடித்து இடித்துப் போட்டார்கள். இடித்தது போக மிஞ்சியதை உப்புக் காற்று இன்னும் தின்று கொண்டிருக்கிறது. கோட்டையடியில் இருக்கும் மீனவர்கள் கழியில் படகு விடுகிறார்கள்.

சாயங்காலம் திரும்பி வந்து கழுவெளி. பழவேற்காட்டுக்கு அடுத்தபடி தென்னிந்தியாவில் பெரிய உவர் நீர் ஏரி என்று இதைச் சொல்லுவார்கள். சுற்றிலும் உள்ள ஏரிகளின் உபரி நீர் ஒரு பக்கத்திலிருந்து வருகிறது. கடல் நீர் கழி வழியாக மறு பக்கத்திலிருந்து ஏறுகிறது. நல்ல தண்ணீரும் உப்புத் தண்ணீரும் கலக்கிற இடத்தில் மீனுக்குப் பஞ்சமில்லை. ஆகையால் பறவைக்கும் பஞ்சமில்லை. மத்திய ஆசியாவின் குளிருக்குத் தப்பி வரும் வாத்துகளும் உள்ளான்களும் இங்கே வந்து இறங்குகின்றன. பூநாரைகள் வருகின்றன. கூழைக்கடாக்கள் வருகின்றன. 2021 டிசம்பரில் தமிழக அரசாங்கம் இதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தது. 5,151 ஹெக்டேருக்கு மேற்பட்ட பரப்பு!

ஒரு நாளுக்கு இது போதாதா?

கண் இருந்தால் போதுமா?

இவ்வளவையும் காரில் போய் நாமே பார்த்து விடலாமே, வழிகாட்டி எதற்கு என்று வாசகர்கள் கேட்கலாம். உப்புப் பாத்தி ஒன்றையே எடுத்துக் கொள்ளுங்கள். சாலையிலிருந்து பார்த்தால் எல்லாப் பாத்தியும் ஒன்று போலத் தோன்றும். உண்மையில் ஒன்று போல மற்றொன்று இல்லை.

கழியிலும் கால்வாயிலும் ஏறி வரும் உவர் நீரை முதலில் பெரிய தேக்கத்தில் நிறுத்துகிறார்கள். அங்கிருந்து பாத்திக்குப் பாத்தி மாற்றிக் கொண்டே போகிறார்கள். வெயிலும் காற்றும் தண்ணீரைக் குடிக்கக் குடிக்க, நீர் சுண்டிக் கனக்கிறது. இந்தக் கனத்தை அளக்கப் 'போமே' என்று ஓர் அளவு உண்டு. கடல் தண்ணீர் சுமார் 3 டிகிரி. அது 25 டிகிரி ஆகிற வரையில் சோற்றுப்பு ஒரு கல் கூட இறங்காது. அதற்கு முன்னால் இறங்குவது ஜிப்சம். 25 டிகிரியைத் தொட்டதும் உப்பு பூக்க ஆரம்பிக்கிறது. அதற்காக நீர் முழுவதும் வற்றட்டும் என்று காத்திருக்கவும் கூடாது. 29, 30 டிகிரி தாண்டினால் மக்னீசிய உப்புகள் சேர்ந்து கசக்கும். அந்தக் கசப்பு நீரை வெளியே விட்டு விட வேண்டும். ஆக, இனிய உப்பு விளைவது ஒரு சிறிய இடைவெளியில்தான். அந்த இடைவெளியைப் பிடிப்பதுதான் தொழில்.

இதற்கு அளவுக் கருவி இருக்கிறது. ஆனால் முப்பது வருஷம் பாத்தியில் நின்றவருக்கு நீரின் நிறமே போதும். வரப்பு ஓரத்தில் படியும் நுரையைப் பார்த்து, விரலில் தொட்டுப் பார்த்து, "நாளைக்கு வாரலாம்" என்று சொல்லி விடுவார். தரை எப்படி மிதித்துக் கெட்டிப் படுத்தப்பட்டது, எந்தக் காற்று அடித்தால் நல்லது, எது அடித்தால் கெடுதல், கல் பெரிதாக வளர என்ன செய்ய வேண்டும் என்பதெல்லாம் அவர் சொல்லக் கேட்க வேண்டும். பட்டணத்திலிருந்து வரும் வழிகாட்டி மனப்பாடம் செய்து ஒப்பிக்கலாம். கேள்வி கேட்டால் அகப்பட்டுக் கொள்வார்!

இன்னொன்றும் அவரிடம் தெரிந்து கொள்ள வேண்டியிருக்கிறது. வெள்ளை உப்பில் பட்டுத் தெறிக்கும் வெயில் கண்ணை என்ன செய்கிறது, உப்பு நீரில் ஊறிய பாதம் என்ன ஆகிறது என்பதை எந்தப் புகைப்படமும் சொல்லாது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் ஆராய்ச்சியாளர்கள் 2017 முதல் 2020 வரையில் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைப் பரிசோதித்தார்கள். பத்துப் பேரில் ஏறக்குறைய ஒன்பது பேர், உடம்புக்குத் தகும் வெப்ப அளவுக்கு மேற்பட்ட வெப்பத்தில் வேலை செய்கிறார்கள் என்று தெரிய வந்தது. சிறுநீரகம் பழுதுபடும் அபாயமும் அவர்களுக்கு உண்டு. நாம் சோற்றில் கலந்து கொள்ளும் ஒரு சிட்டிகைக்குப் பின்னால் இது இருக்கிறது.

உப்பு விற்கப் போனால் மழை

'உப்பு விற்கப் போனால் மழை பெய்கிறது. மாவு விற்கப் போனால் காற்றடிக்கிறது' என்று ஒரு பழமொழி. உப்பளத்து ஜனங்களுக்கு இது வெறும் பழமொழியல்ல, பஞ்சாங்கம். வடகிழக்குப் பருவ மழை இறங்கியதும் பாத்திகள் ஒரே வெள்ளமாகி விடும். அக்டோபர், நவம்பர், டிசம்பர் மூன்று மாதமும் வேலை இல்லை. புயல் வந்தாலோ கேட்க வேண்டாம். 2020 நவம்பரில் 'நிவர்' புயல் மரக்காணத்தின் அருகில்தான் கரை ஏறியது. அந்தச் சமயத்தில்தான் நாடு முழுவதும் மரக்காணம் என்ற பெயரைக் கேட்டது.

வேலை இல்லாத மழைக் காலத்துக்காக உப்பளத் தொழிலாளர் குடும்பம் ஒன்றுக்கு 5,000 ரூபாய் உதவித் தொகை அளிக்கும் ஏற்பாட்டைத் தமிழக அரசாங்கம் 2022-ல் கொண்டு வந்தது. நல்ல காரியம். ஆனால் மூன்று மாதத்துக்கு அது எம்மட்டும் காணும் என்பது குடும்பம் நடத்துகிறவர்களுக்குத் தெரியும்.

இங்கேதான் ஒரு பொருத்தம் கண்ணுக்குப் படுகிறது. பாத்தி வெறுமையாகக் கிடக்கும் காலத்தில்தான் கழுவெளியில் பறவைகள் நிறைகின்றன! மழை சற்று ஓய்ந்த டிசம்பரில் தொடங்கி பிப்ரவரி வரையில் பறவை பார்க்க ஏற்ற காலம். கோட்டைக்கும் கோயிலுக்கும் போக இதமான காலமும் அதுதான். ஜனவரி பிறந்தால் பாத்தி திருத்துகிற வேலையையும் உடன் பார்க்கலாம். ஊரில் கை ஓய்ந்திருக்கும் மாதமும் வெளியூரார் வர விரும்பும் மாதமும் அடுத்தடுத்து வருகின்றன. கடவுள் சேர்த்து வைத்ததை மனிதர் ஏன் பிரித்து வைக்க வேண்டும்?

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு நாளைக்கு ஐந்து கோஷ்டி. கோஷ்டிக்குப் பத்துப் பேர். மழை நாட்களையும் மற்றத் தடைகளையும் தள்ளி விட்டால், பருவத்தில் சனி ஞாயிறாக இருபது நாள் என்று வைத்துக் கொள்வோம். ஆயிரம் பேர் வருகிறார்கள். வழிகாட்டிக்கென்று தலைக்கு 300 ரூபாய் கொடுத்தால் மூன்று லட்ச ரூபாய். முப்பது குடும்பங்கள் முறை வைத்துப் பங்கிட்டுக் கொண்டால் குடும்பத்துக்குப் பத்தாயிரம். உதவித் தொகையைப் போல இரண்டு மடங்கு. சாப்பாடு போடுகிற வீட்டுக்கு வருகிறது வேறு, படகுக்கு வருகிறது வேறு.

இது உப்பளத்து ஜனங்கள் எல்லோருக்கும் சோறு போட்டு விடாது. அப்படிச் சொன்னால் பொய். ஆனால் முப்பது வீட்டில் அடுப்பு எரிவதும் சாமானிய விஷயமல்ல. அதைவிட முக்கியம், உப்பளத்தில் வேலை செய்கிறவருக்குத் தெரிந்த விஷயத்துக்கும் ஒரு கூலி உண்டு என்று ஊரும் உலகமும் ஒப்புக் கொள்வது.

பழைய வழக்கமே!

இது மேல்நாட்டிலிருந்து வந்த புது நாகரிகம் என்று யாரும் எண்ண வேண்டாம். வழிகாட்டுவதற்கென்றே ஓர் இலக்கிய வகையை வைத்திருந்தவர்கள் தமிழர்கள். ஆற்றுப்படை என்றால் என்ன? ஓர் இடத்துக்குப் போய்ப் பயன் பெற்று வந்தவன், போக வேண்டியவனுக்கு வழி சொல்லுவதுதானே! நல்லூர் நத்தத்தனார் பாடிய சிறுபாணாற்றுப்படையில் பாணன் போகும் வழி இந்தப் பிரதேசத்து வழிதான். ஓய்மா நாட்டு நல்லியக்கோடனின் ஊராகிய கிடங்கில் இன்றைய திண்டிவனத்தை ஒட்டியது. வழியில் வரும் எயிற்பட்டினம் மரக்காணமே என்பது அறிஞர்கள் பலருடைய கருத்து.

அந்தப் பாட்டில் கவனிக்கத் தக்கது ஒன்று உண்டு. புலவர் வழியை மட்டும் சொல்லவில்லை. அந்த அந்த ஊரில் யார் இருக்கிறார்கள், என்ன தொழில் செய்கிறார்கள், வந்தவருக்கு என்ன சாப்பாடு கொடுப்பார்கள் என்றெல்லாம் சொல்லுகிறார். பட்டினத்து நெய்தல் ஜனங்கள் சுட்ட மீனைக் கொடுத்து உபசரிப்பதையும் சொல்லுகிறார். ஊரைப் பார்ப்பது என்றால் ஊராரைப் பார்ப்பது என்று அந்தக் காலத்தில் அர்த்தம். இடையில் கார் வந்து அந்த அர்த்தத்தைக் கலைத்து விட்டது.

இந்தக் காலத்திலும் நம் கடற்கரையில் ஓர் உதாரணம் இருக்கிறது. சென்னையில் கடல் ஆமைப் பாதுகாப்புக்கான மாணவர் அமைப்பு ஒன்று 1988 முதல் நடந்து வருகிறது. ஆமைகள் முட்டையிடக் கரையேறும் மாதங்களில் நீலாங்கரையிலிருந்து பெசன்ட் நகர் வரையில் இரவில் மணலில் நடக்கிறார்கள். முட்டைகளை எடுத்துப் பத்திரமான இடத்தில் புதைத்து, குஞ்சு பொரித்ததும் கடலில் விடுகிறார்கள். பொது ஜனங்களையும் உடன் அழைத்துப் போகிறார்கள். பேசாமல், விளக்குப் போடாமல், சொன்னபடி நடக்க வேண்டும். வேடிக்கை பார்க்க வந்தவர்களில் எத்தனையோ பேர் ஆமைக்குப் பரிந்து பேசுகிறவர்களாகத் திரும்பியிருக்கிறார்கள். சிறு கோஷ்டி, நல்ல வழிகாட்டி, கண்டிப்பான விதிகள் - இந்த மூன்றும் சேர்ந்தால் பிரயாணம் கடற்கரைக்குக் காவலாகவும் ஆகும் என்பதற்கு இது அத்தாட்சி.

ஆட்சேபங்களும் பதிலும்

"உழைக்கிறவர்களைக் காட்சிப் பொருளாக்கப் பார்க்கிறீர்களா?" என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காட்சிப் பொருளாக்கும் காரியம் இப்போதே ஐந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை சாலை ஓரத்தில் நடந்து கொண்டுதான் இருக்கிறது. அதை நிறுத்துவதற்குத்தான் நாம் வழி சொல்லுகிறோம். கேட்காமல் படம் பிடிக்கக் கூடாது. வேலை செய்கிறவரை நிறுத்திப் பேச வைத்தால் அந்த நேரத்துக்குக் கூலி கொடுக்க வேண்டும். பாத்திக்குள் செருப்புக் காலோடு இறங்கவே கூடாது. ஒருவர் கால் பட்டு ஒரு பாத்தி உப்பு மண்ணாகும். இந்த விதிகளைச் சொல்லும் அதிகாரம் வழிகாட்டியாக இருக்கும் உப்பளத்தாரிடமே இருக்கட்டும்.

"கூட்டம் சேர்ந்தால் பறவை பறந்து விடுமே!" இதுவும் மெய். ஆகையால்தான் கோஷ்டிக்குப் பத்துப் பேர் என்றும், நாளைக்கு ஐந்து கோஷ்டி என்றும் வரம்பு கட்டச் சொல்லுகிறோம். சரணாலயத்துக்குள் வனத்துறையின் அனுமதி இல்லாமல் நுழையலாகாது. பறக்கும் காமிராக்களை அங்கே அறவே தடுக்க வேண்டும். ஆயிரம் பேர் வருவது வரவு. பத்தாயிரம் பேர் வந்தால் அது படையெடுப்பு. பிளாஸ்டிக் குப்பையும் பொரித்த மீன் கடையும் ஒலிபெருக்கியும் பின்னாலேயே வந்து சேரும். நம் நாட்டில் பல அழகான இடங்கள் இப்படித்தான் அழகை இழந்தன.

"உப்பளத்தை எடுத்து நடத்துகிறவர்கள் விட வேண்டுமே?" கேட்டுத்தான் செய்ய வேண்டும். நல்ல பெயரும் நேரடியாக உப்பு வாங்குகிற ஆட்களும் கிடைத்தால் அவர்கள் மறுக்கக் காரணமில்லை.

செய்ய வேண்டியது

ஜில்லா கலெக்டரும் வனத்துறையும் சுற்றுலாத் துறையும் கலந்து முடிவு செய்தால் பெரிய செலவு இல்லாமல் இதைத் தொடங்கலாம். முதலில் முப்பது பேரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். அதில் பாதிப் பேர் பெண்களாக இருக்க வேண்டும். உப்புக் கூடையைச் சுமக்கும் தலை பெரும்பாலும் பெண்ணின் தலைதான். பேசுகிற வாயும் அவர்களுடையதாக இருக்கட்டுமே! பறவைகளின் பெயர், கோட்டையின் கதை, முதலுதவி, கணக்கு வைக்கும் முறை இவற்றைச் சில வாரங்களில் சொல்லிக் கொடுத்து விடலாம். உப்பைப் பற்றி யாரும் அவர்களுக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டியதில்லை. அடையாளச் சீட்டும், கட்டணத்தை எழுதி ஒட்டிய பலகையும் வேண்டும். பணம் தரகர் கைக்குப் போகாமல் வழிகாட்டிகளின் சங்கத்துக்கு நேரே போக வேண்டும்.

உப்பளத்து ஓரத்தில் நிழலுக்கு ஒரு கொட்டகை, குடிக்க நல்ல தண்ணீர், பெண்களுக்குக் கழிப்பறை - இந்த மூன்றும் அவசியம். வெளியூரார் வருகிறார்களே என்பதற்காக இவற்றைக் கட்டினால் அது வெட்கக் கேடு. தினமும் அங்கே நிற்கிறவர்களுக்காக முதலில் கட்ட வேண்டும். வந்து போகிறவர்கள் அதே நிழலில் ஒதுங்கிக் கொள்ளட்டும்.

வாசகர்களும் ஒன்று செய்யலாம். அடுத்த முறை புதுச்சேரி போகும்போது மரக்காணத்தில் காரை நிறுத்தினால், காமிராவை எடுப்பதற்கு முன் வேலை செய்கிறவரிடம் ஒரு வார்த்தை பேசுங்கள். எத்தனை மணிக்கு வேலைக்கு வந்தார் என்று கேளுங்கள். இரண்டு படி உப்பு விலைக்குக் கிடைக்குமா என்று கேளுங்கள். ஐந்து நிமிஷம் அரை மணி ஆகும். புதுச்சேரி எங்கும் ஓடி விடாது.

மழைக் காலம் ஒவ்வொரு வருஷமும் தவறாமல் வருகிறது, பறவைகளும் வருகின்றன. அடுத்த மழை இறங்குவதற்குள் முதல் முப்பது பேரின் பெயர்ப் பட்டியல் தயாராக வேண்டும்.